தறிப்பேச்சு

நாற்பத்தெட்டு விசைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடத்தில் மனிதக் குரலுக்கு வேலையில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் தொண்டை கிழியக் கத்திப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் வாயை மூடிக்கொள்வார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மற்றவர்களின் வாயைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அங்கே எல்லோருடைய உதடும் நாக்கும் அசையும், சத்தம் மட்டும் வராது. முப்பதடி தள்ளி நிற்பவளிடம் நேற்றைய குழம்பில் உப்பு கூடிப்போனதுவரை சொல்லிவிடலாம். ஷெட்டில் அதற்குத் தறிப்பேச்சு என்று பெயர். மேஸ்திரியும் ஒரு காலத்தில் தறி ஓட்டியவர்தான், அவருக்கும் அது அத்துப்படி. அதனால் அவரைத் திட்டுவதென்றால் மட்டும் முகத்துணியை மூக்குவரை ஏற்றிக்கொள்வார்கள்.

நம் தறிக்காரி அங்கே இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, அங்கே உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஆறு தறிகளுக்கு அவள் ஒருத்தி. ஊடை நூல் தீர்ந்தால் தார் என்கிற நூல்கட்டையை மாற்ற வேண்டும். நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் இழை அறுந்துபோகும், எப்போதுதான் பேசி வைத்துக்கொள்ளுமோ. காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடுமாம், அதனால் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். கோடையில் மேலே கூரை காயும், கீழே தண்ணீர் தெளித்த தரை அவியும், நடுவில் பஞ்சுத் தூசியில் இவர்கள் வேகுவார்கள். நூலுக்குக் கிடைக்கிற மரியாதை ஆளுக்குக் கிடையாது.

அவளுக்குக் காது பாதி போய்விட்டது. ஷெட்டில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வெளியே வந்தால்தான் சிக்கல். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாமல், கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

வீட்டில் அப்படிச் சத்தமாகப் பேசவும் வழியில்லை. ஒரே அறை, தகரக் கூரை, சுவரோரம் ஒரு சாய்வு நாற்காலி. அந்த நாற்காலியில் அவள் புருஷன். பஞ்சு கொட்டும் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்குவார். கரண்டி கீழே விழுந்தால்கூட முழித்துக்கொள்வார். முழித்தால் ஒரு மணி நேரம் இருமல். பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு பிய்ந்துவிடும். அதனால் அவர் கண் அசந்துவிட்டால் வீட்டில் எல்லாப் பேச்சும் தறிப்பேச்சுதான். இரண்டு பெண்களும் பேசப் பழகியபோதே அதையும் பழகிவிட்டார்கள்.

பெரியவள் பத்தாம் வகுப்பில் முதல் மாணவி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்த வருஷம் அவளுக்குப் பதினாறு. அடுத்த மாதமே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, வேறு வழியும் இருக்கவில்லை. அவளுக்கு இப்போது இருபத்து மூன்று, பார்த்தால் முப்பது சொல்லலாம்.

இனி சின்னவள். மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம். தேசிய அளவில் மாணவர்களுக்கு ஒரு அறிவுப் போட்டி நடக்கும், பள்ளிக்கு நாலு பேர் கொண்ட ஒரு குழு. முதலாவதாக வரும் குழுவில் நாலு பேருக்கும் கல்லூரியில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். குழுவின் தலைவன் மருந்துக்கடைக்காரர் மகன், அவனை எல்லோரும் மருந்துக்கடை என்றே கூப்பிடுவார்கள். போஸ்ட்மேன் மகளுக்குப் பெயர் தபால், சின்னவளுக்குத் தறி. மூன்றாவது ஒரு நெட்டைப் பையன். அவர்கள் மூவரும் போட்டியில் தோற்றாலும் கல்லூரிக்குப் போவார்கள். சின்னவள் தோற்றால் ஷெட்டுக்குப் போவாள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அறிவியல் டீச்சர் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாயிரத்து முந்நூறு அட்டைகள். படிக்கிற பிள்ளை சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், யாராவது கேள்வி கேட்க வேண்டும். அந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? ஆகவே தறிக்காரி காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், ரொட்டியை உருளைக்கிழங்கோடு மென்று விழுங்கிவிட்டு, அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் எதிரில் உட்காருவாள். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தெழுத்தாகக் கூட்டி, உதட்டால் கேள்வி கேட்பாள். மகள் உதட்டால் பதில் சொல்வாள். எட்டு மாதம் இது நடந்தது. அவர்கள் தலைக்குப் பின்னால் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"தகரத்தின் முக்கியத் தாது எது?" என்பாள் அம்மா.

"கலீனா."

"கலீனா ஈயம்டி. இதோட எத்தன தடவ சொல்றது? கேசிடரைட். தலைக்கு மேலயே தகரத்த வச்சுக்கிட்டு, அது எதுலேருந்து வருதுன்னு தெரியலேங்கற."

"நம்ம கூரை தகரம் இல்லம்மா. இரும்புத் தகடு, மேல துத்தநாகம் பூசியிருக்கான்."

"ரொம்பக் கண்டவ. மழை பெஞ்சா ஒழுகுதா இல்லியா? அப்பத் தகரம்தான்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மறுநாளும் அந்த அட்டை வரும், மறுநாளும் மகள் கலீனா என்பாள். சிலருக்குச் சில முடிச்சு விழவே விழாது.

அம்மாவுக்கு எல்லாம் விழுந்தது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, அவளே எதிர்பார்க்கவில்லை. ஆறாவது மாதத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு தானாகக் கேள்வியும் பதிலுமாக அசைய ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் பக்கத்துத் தறிக்காரி, "யாரத் திட்டிக்கிட்டே இருக்க? உன் மாமியாரா?" என்று கேட்டாள்.

"திட்டலடி. நெப்டியூனோட பெரிய நிலா பேரு சொல்லிட்டிருந்தேன்."

"யாரு நெப்டியூன்? புது சூப்பர்வைசரா?"

மாநிலப் போட்டியில் பள்ளி ஜெயித்தது. தேசியப் போட்டி தலைநகரில், மூன்று நாள். இரண்டு பெண் பிள்ளைகள் போவதால் துணைக்கு ஒரு அம்மா வர வேண்டும் என்று டீச்சர் சொன்னாள். போஸ்ட்மேன் மனைவிக்கு முட்டிவலி. தறிக்காரி டீ இடைவேளையில் மேஸ்திரி முன்னால் போய் நின்றாள்.

"மூணு நாளா? உனக்கென்ன அங்க வேலை? நீயா பதில் சொல்லப் போற?"

"பிள்ளைங்களுக்குத் துணை சார்."

"மெதுவாப் பேசும்மா, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. சரி, போய்ட்டு வா. ஜெயிக்கலேன்னா கவலப்படாத. ஒம்பதாம் வரிசைல ரெண்டு தறி காலியாகுது, உன் சின்னவளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். உன் கண் பார்வையிலயே இருப்பா."

அவர் அதை உதவியாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு நெஞ்சில் நெருப்பாக விழுந்தது. டீ குவளையைக் கழுவாமலே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தலைநகர் அரங்கு பெரியது. உள்ளே ஏசிக் குளிர். பெற்றோர்களுக்கு மூன்றாவது வரிசை. தறிக்காரி தலையை மூன்று முறை அலசிவிட்டு வந்திருந்தாள், அப்படியும் காதோரத்தில் ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்ததை டீச்சர்தான் எடுத்துவிட்டாள். பதினெட்டு குழுக்கள் இரண்டு நாளில் இரண்டாகக் குறைந்தன. எதிரில் நீலக் கோட்டுப் போட்ட நாலு பையன்கள். அவர்களில் கடைசியாக உட்கார்ந்திருந்தவனுடைய கோட்டுக் கை விரல் நுனிவரை தொங்கியது. யாரிடமோ இரவல் வாங்கியது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணியோடு வாழ்கிறவளுக்கு அது தெரியாதா?

முதல் சுற்றிலிருந்து அவள் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது. கேள்வி வாசிப்பவர் மைக்கில் கேட்பார், ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அவளுக்கும் கேட்கும், உதடு பதில் சொல்லிவிடும். சொல்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

கடைசியில் இரண்டு குழுவும் சமம். குழுவுக்கு ஒருவர் மட்டும் முன்னால் வந்து தனியாக நிற்க வேண்டும். மாற்றி மாற்றிக் கேள்வி, ஒருவர் தன் கேள்வியைத் தவறவிட்டு, மற்றவர் அடுத்த கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. இவர்கள் பக்கத்தில் சின்னவள் வந்தாள். அந்தப் பக்கத்தில் இரவல் கோட்டுப் பையன் வந்தான். ஏழு கேள்விகள்வரை இரண்டு பேரும் விடவில்லை. எட்டாவதில் பையன் தடுமாறி ஒரு ஆற்றின் பெயரை மாற்றிச் சொன்னான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த கேள்வி. தகரத்தின் முக்கியத் தாது எது? பதினைந்து வினாடிகள்."

சின்னவள் முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு அவள் கண் மூன்றாவது வரிசைக்கு வந்து நின்றது.

"கேசிடரைட்," என்றாள்.

கைதட்டல் எழுந்து, தபாலும் நெட்டையும் ஓடி வந்து சின்னவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தறிக்காரிக்குத் தன் நாக்கு நினைவுக்கு வந்தது. அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு சொல்லைச் சொல்லி முடித்த இடத்தில்.

கோப்பை கைக்கு வருவதற்குள் புகார் வந்துவிட்டது. நீலக் கோட்டுப் பள்ளியின் வாத்தியார் இரண்டு சுற்றுகளாகவே மூன்றாவது வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். கைப்பேசியில் வீடியோப் படமும் பிடித்திருந்தார். படத்தில் ஒரு பெண் ஒவ்வொரு கேள்விக்கும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தானே அப்படிப் பார்த்தபோது தறிக்காரிக்கு அது வேறு யாரோ போலிருந்தது. வயதான, பல் தேய்ந்த, எதையோ மென்றுகொண்டே இருக்கிற யாரோ.

விசாரணை அறைக்கு வெளியே டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரின் கை ஈரமாக இருந்தது.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. வாய் அசைஞ்சது உண்மை, அத மறைக்க முடியாது. ஷெட்டுப் பழக்கம்னு சொல்லிடுங்க. தப்பில்ல. ஆனா உங்க பொண்ணுக்கு அது புரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா நாலு பிள்ளைங்களோட இடமும் போச்சு."

"பொய் சொல்லணுமா டீச்சர்?"

"மெதுவா! மெதுவாப் பேசுங்க!"

"அவ தானாத்தான் சொல்லியிருப்பா டீச்சர். எட்டு மாசம் படிச்சவ."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவங்க நம்பணுமே?"

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இரவல் கோட்டுப் பையன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அவன் அப்பாவாக இருக்க வேண்டும், பஸ் கண்டக்டர் உடுப்போடு வந்திருந்த ஒருவர், என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கோட்டின் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவரும் வேலைக்கு நடுவில்தான் வந்திருக்கிறார். தறிக்காரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், டீச்சர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும்வரை.

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலைவர், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மாள், மறுபக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் ஓர் இளைஞன். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"போட்டி நடக்கும்போது நீங்க பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம்மா?"

"ஆமா சார்." அறை அதிர்ந்தது. இளைஞன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். "மன்னிச்சுக்குங்க சார், எனக்குக் காது மந்தம். வாய் தானா அசையும் சார். ஷெட்ல நாங்க அப்படித்தான் பேசிக்குவோம்."

"பதிலெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டை பாத்து கேள்வி கேப்பேன் சார். கேட்டுக் கேட்டு மனசுல ஒட்டிக்கிச்சு."

கண்ணாடி அம்மாள் முன்னால் சாய்ந்தாள். "நீங்க வாய் அசைச்சா உங்க பொண்ணுக்குப் புரியுமா?"

தறிக்காரி மகளைப் பார்த்தாள். சின்னவள் அறையின் மறுகோடியில், கதவோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் வரிசையில் தறிக்கு முன்னால் அவள் எப்படி நிற்பாள் என்பதும் அந்தக் கணத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது. தலைத்துணி, தூசி, இமைமுடியில் பஞ்சு.

"புரியாது சார். அவ ஷெட்டுக்கு வந்ததே இல்ல."

தலைவர் ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதி மடித்துக் கொடுத்தார். "இதுல ஒரு வார்த்தை இருக்கு. சத்தம் இல்லாம உங்க பொண்ணப் பாத்துச் சொல்லுங்க. அவ என்ன சொல்றான்னு பாப்போம்."

தாளில் ஜன்னல் என்று எழுதியிருந்தது. தறிக்காரி மகளை நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஜன்னல் என்று அசையவில்லை. "புரியலன்னு சொல்லு. எது கேட்டாலும் தப்பாச் சொல்லு," என்றாள். மூன்று பெரிய மனிதர்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"தெரியல சார்," என்றாள் சின்னவள்.

"ஏதாவது ஊகிச்சுச் சொல்லும்மா."

"தண்ணியா சார்?"

இரண்டாவது தாளில் குதிரை. இப்போது கண்ணாடி அம்மாள் எழுந்து வந்து தறிக்காரியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயை உற்றுப் பார்த்தாள். ஏமாற்ற இடமில்லை. குதிரை என்றே அசைத்தாள். நிதானமாக, பிறவிச் செவிடனுக்குக்கூடப் புரிகிற மாதிரி. சின்னவள் கழுத்தைச் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். முதல் வாரத்து ஆட்கள் ஷெட்டில் விழிப்பார்களே, அச்சு அசலாக அதே விழிப்பு.

"பூட்டா சார்?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லச் சொன்னது அவள்தான். ஆனால் இவ்வளவு நன்றாகச் சொல்லுவாள் என்று நினைக்கவில்லை. அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூடப் பொய்யாக இல்லை. இப்படிப் புரியாத மாதிரி இருக்கத் தெரிந்தவளுக்கு, அரங்கில் தானே கண்டுபிடித்த மாதிரி இருக்கவும் தெரியாதா?

மூன்றாவது தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவள் பார்க்கவேயில்லை. கண்ணாடி அம்மாள் நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள். தறிக்காரி மகளைப் பார்த்துக் கேட்டாள், உதட்டால். "அந்தத் தகரம் உனக்கே ஞாபகம் வந்துச்சா? என் வாயப் பாத்துச் சொல்லல இல்ல?"

சின்னவள் கண் அம்மாவின் உதட்டிலிருந்து நகரவில்லை.

"மழையா சார்?" என்றாள்.

தலைவர் பேனாவை மூடினார். புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதச் சொன்னார். போகும்போது குழுவைக் கூப்பிட்டு, "நாளைக்கு இதுக்கு மாறா ஏதாவது தெரிய வந்தா, நாலு பேரோட இடமும் ரத்தாகும். அந்த விதியும் இருக்கு," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. விதி இருந்தது, சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக இருந்தது. டீச்சர்கூடக் கைதட்டினாள். கோப்பை ஒவ்வொரு மடியாக மாறி வந்து கடைசியில் தறிக்காரியின் மடியில் உட்கார்ந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை சின்னவளின் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"இங்க பாரு, தறி. நாலு வருஷம் காலேஜ். அந்த வாத்தியார் விடமாட்டார், யாரையாவது அனுப்பி விசாரிப்பார். நீயும் உங்கம்மாவும் வாய அசைச்சுப் பேசறத ஒருத்தன் பாத்தாப் போதும். என் இடமும் போகும். இனிமே உனக்கு அந்தப் பேச்சு தெரியாது. சரியா?"

"தெரியாது," என்றாள் சின்னவள்.

"பழக்கத்துல வந்துடப் போகுது."

"வராது."

அவர்கள் குரல் தறிக்காரிக்குக் கேட்கவில்லை. இரண்டு இருக்கைக்கு முன்னால் இருந்தபடி திரும்பி, பக்கவாட்டில் உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் ஷெட்டில் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மேஸ்திரி அவளுடைய எட்டாம் வரிசைவரை நடந்து வந்து, "ஒம்பதாம் வரிசைல வேற ஆளப் போட்டுடறேன்," என்று உதட்டால் சொல்லிவிட்டுச் சிரித்தார். மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பெரியவள் மட்டும் வராமல் தன் தறிக்குத் தார் மாற்றிக்கொண்டிருந்தாள். அன்று அவளிடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இழை அறுந்தது.

வீட்டில் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். சின்னவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தறிக்காரி அவள் எதிரில் உட்கார்ந்து, மகள் நிமிரும்வரை காத்திருந்து, உதட்டால் கேட்டாள். "இங்க யாருமில்ல. எங்கிட்டச் சொல்லு. என் வாயப் பாத்தா சொன்ன?"

சின்னவள் அவள் உதட்டைப் பார்த்தாள். கடைசி எழுத்துவரை பார்த்தாள்.

"என்னம்மா? என்ன சொல்ற? புரியல, வாயத் தொறந்து சொல்லு," என்று சத்தமாகக் கேட்டாள்.

நாற்காலியில் புருஷன் விழித்துக்கொண்டார். இருமல் ஆரம்பித்தது. தறிக்காரி ஓடிப்போய் முதுகைத் தடவினாள், வெந்நீர் கொடுத்தாள். "என்ன... கேட்ட... பிள்ளைய?" என்றார் அவர், ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக.

"ஒண்ணுமில்ல. உப்பு போட்டியான்னு கேட்டேன்."

அதை அவளால் வாய்விட்டுக் கேட்க முடியாது. அந்த ஓர் அறையில், தன் குரலில் கேட்டால் புருஷனுக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். உதட்டால் கேட்டால் மகளுக்குப் புரியவில்லை. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. தாயும் மகளும் சண்டை போடவில்லை. சாப்பிட்டியா, தண்ணி வந்துச்சா, சோப்பு எங்கே என்ற அளவுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா தூங்கும் நேரத்தில் அதுவும் இல்லை. முன்பு அந்த நேரத்தில்தான் வீட்டில் சிரிப்பே இருக்கும்.

தறி ஓட்டும்போதெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. மகள் தன் வாயைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அந்தக் கண்டக்டர் மகனுடைய இடத்தைத் தன் உதடுதான் பிடுங்கியது. பார்க்காமல் சொல்லியிருந்தால் நிம்மதி. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றும் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அவள் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் வலிக்கும், ஆனால் அழுதுவிட்டுப் போய்விடலாம். பதிலே வராததுதான் தாங்கவில்லை.

சின்னவள் கல்லூரிக்குக் கிளம்பிய நாள் தூறல். அப்பாவால் வர முடியவில்லை, பெரியவளுக்குக் காலை ஷிப்ட். தறிக்காரிக்கு இரண்டு மணி ஷிப்ட், அவள்தான் பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். அவித்த முட்டையும் ரொட்டியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தூறலுக்குக் கண்ணாடி ஏற்றியிருந்தது, என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு," என்றாள் அம்மா, உதட்டால், பழக்க தோஷத்தில்.

கண்ணாடிக்குப் பின்னால் சின்னவள் காதைத் தொட்டுக்காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். சிரித்தாள்கூட.

தறிக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. புருஷன் இல்லை, சுவர் இல்லை, பக்கத்து வீடு இல்லை. வாயைத் திறந்து, தன் குரலிலேயே கேட்டாள்.

"அந்தத் தகரம் உனக்கே தெரியுமாடி? இல்ல என் வாயப் பாத்துச் சொன்னியா?"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். தறிக்காரிக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவள் கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தம் போயிருக்காது. ஆனால் சின்னவள் கண் அம்மாவின் உதட்டிலேயே இருந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒன்று விடாமல், எட்டு மாதம் அட்டைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

அப்புறம் இன்னொரு தரம் காதைத் தொட்டுக்காட்டினாள், தலையை ஆட்டினாள்.

பஸ் பின்னால் வந்து, திரும்பி, தெருவில் ஏறியது. பழக்கூடையோடு நின்றிருந்த ஒருத்தி அருகே வந்து, "என்னக்கா, எந்தத் தகரம்? பொண்ணு ஏதாவது விட்டுட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டாள். தறிக்காரி அவள் வாயைப் பார்த்து அதைப் புரிந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. அவளுக்குக் கேக்கல," என்றாள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தாள்.